வெள்ளிப் பெயிண்டுக்கு அடியில் இருந்த நம்பர்

என் டூல் பெட்டியில், ஸ்பேனர்களுக்கும் ஸ்க்ரூ டிரைவர்களுக்கும் நடுவே, பல் தேய்க்கும் பிரஷ் ஒன்று கிடக்கிறது. பச்சைக் கைப்பிடி. நார்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. அவற்றின் அடியில் கொஞ்சம் வெள்ளிப் பெயிண்டும், மங்கிப்போன குங்குமச் சிவப்பும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஷெட்டில் யாராவது மறந்துபோய் அதை எடுத்து பிளக் தேய்க்கப் போனால் நான் கத்திவிடுவேன். "அதுல கைய வெச்சே, அப்பால நடக்கறதே வேற!" ஒரு ஓட்டை பிரஷ்ஷுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று என் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அது என் அண்ணியின் பிரஷ். அதை வைத்துத்தான் அவர் ஒருநாள் என் கர்வத்தையும் சேர்த்துத் தேய்த்துக் கழுவினார்.

எங்களுக்கு ஊர் ஆந்திர எல்லையில் நாகலாபுரம். ஊரைச் சுற்றி எவ்வளவோ நிலம் இருந்தது, எங்கள் பெயரில் ஒரு முழம்கூட இல்லை. நைனா, எங்கள் அப்பா, ஊரார் கழனியில் உழைத்தார். அண்ணன் அதிலிருந்து தப்பித்து, சித்தூரில் மாங்காய்க் கூழ் ஃபாக்டரி வைத்திருந்த ஒரு பெரிய மனிதரிடம் டிரைவராகச் சேர்ந்தார். அந்த முதலாளியைப் பெத்தய்யா என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அவருடைய கார் நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்னால் செய்தது. உருண்டை விளக்குகள், ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர், முன்சீட்டு ஒரே நீளப் பெஞ்சு. அண்ணன் கதவைத் திறந்துவிட்டு, பெத்தய்யா ஏறி உட்காரும்வரை வேட்டி கதவில் மாட்டாமல் பார்த்துக்கொண்டு, அப்புறம் ஓடிவந்து தன் இடத்தில் உட்காருவார். எத்தனை வருஷம் அப்படிச் செய்தார் என்று கணக்கே கிடையாது.

பிறகு பெத்தய்யா புதுக் கார் வாங்கினார். பழையதில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்பரேட்டர் வெடித்து விரிசல் விட்டிருந்தது. அதற்கு மாற்று எங்கும் கிடைக்கவில்லை என்று ஃபாக்டரி பின்புறம் தள்ளிவிட்டார்கள். கோழிகள் அதற்குள் முட்டையிடத் தொடங்கின. ஒரு சங்கராந்தி அன்று பெத்தய்யா அண்ணனைக் கூப்பிட்டு, "தீஸ்கபோரா, எடுத்துக்கினு போ, கோழிக்கூண்டாவது ஆகும்" என்று சொல்லிப் பேப்பரிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இனி அது ஓடாது என்ற நம்பிக்கையில் கொடுத்த தானம் அது. மூன்று மாதம் கழித்து அண்ணன் அந்தக் காரை அதே ஃபாக்டரி வாசல் வழியாக ஓட்டிக்கொண்டு போனார். வாசலில் நின்ற பெத்தய்யாவின் முகம் சுருங்கியதை அண்ணன் பிற்பாடு எனக்கு நடித்தே காட்டியிருக்கிறார். "எலா நடுஸ்தோந்திரா இதி?" என்று கேட்டாராம். அண்ணன் கைகட்டி நின்று, "எல்லாம் சாமி புண்ணியம் அய்யா" என்றாராம். எப்படி ஓடுகிறது என்று நானும் கேட்டேன். எனக்கும் அதே பதில்தான் கிடைத்தது.

ஆயுத பூஜைக்கு எல்லார் வீட்டிலும் வண்டியைக் கழுவி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அண்ணன் அதோடு விடமாட்டார். பானட்டைத் திறந்து, கார்பரேட்டருக்கு ஒரு கோட் வெள்ளிப் பெயிண்ட் அடிப்பார். பெயிண்ட் காய்ந்ததும் அதன்மேல் மொத்தமாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைப்பார். "வண்டிக்கு நெஞ்சு இதாண்டா" என்பார். வருஷத்துக்கு ஒரு அடுக்காக அது ஏறிக்கொண்டே போனது. பக்தி என்று நினைத்து நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அண்ணன் போன பிறகு அந்தக் காரை அண்ணி ஓட்டினார். மாந்தோப்பு வண்டிப்பாதையில் அண்ணனிடமே கற்றுக்கொண்டதுதான். சித்தூர் சந்தைத் தெருவில், நூல் புடவை இழுத்துச் செருகிக்கொண்டு, அவ்வளவு பெரிய காரை ஒரு பெண்பிள்ளை ஓட்டிப் போனால் ஜனம் சும்மா இருக்குமா? நின்று பார்த்தார்கள், பின்னால் பேசினார்கள். அண்ணன் மகளுக்கு வெட்கமாக இருந்தது. அண்ணிக்கு ஒரு கவலையும் இல்லை. "வேடிக்கை பாக்கறவன் பெட்ரோல் போடறானா? இல்லல்ல? அப்ப மூடிக்கினு பாக்கட்டும்" என்பார்.

இப்படி இருக்கையில்தான், நானும் சித்தூரில் அண்ணி வீட்டில் இருந்த ஒரு நாள், பெத்தய்யாவின் பேரன் வந்தார். திருப்பதியில் பெரிய ஓட்டல் கட்டியிருந்தார். நல்ல மனிதர்தான், நான் பொய் சொல்லக் கூடாது. பழம், பூ, ஸ்வீட் பாக்கெட் எல்லாம் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்து பேசினார். "அக்கா, மா தாத்த காரு அது. எங்க ஓட்டல் வாசல்ல நிக்கட்டும். இன்ஜினை எடுத்துட்டு, பெயிண்ட் அடிச்சு, சுத்திப் பூச்செடி வெச்சு, லைட் போட்டு, ராஜா மாதிரி வெச்சுக்கறேன்" என்றார். அந்த மாதம்தான் காரின் ஆர்.சி. முடிகிறது. பழைய வண்டியைப் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தி, புகை சோதனையில் தேறினால்தான் புதுப்பிப்பார்கள். எங்கள் வண்டியோ அப்போது செங்கல் சூளை மாதிரி கறும்புகை கக்கிக்கொண்டிருந்தது. அதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தார்.

"அம்மா, குடுத்துடலாமே. அங்க மரியாதையா நிக்குமே" என்றாள் அண்ணன் மகள். திருப்பதி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற பெண், அம்மா ஒருநாள் நடுரோட்டில் வண்டியோடு நின்றுவிடுவாளோ என்று அவளுக்குப் பயம்.

அண்ணி அவளை ஒரு பார்வை பார்த்தார். "நிக்கறதுல இன்னாடி மரியாதை? உங்க நைனா அந்தக் கதவப் புடிச்சிக்கினு நின்னது பத்தாதா? இப்ப அவரு வண்டியும் அவங்க வாசல்ல போய் நிக்கணுமா?" பிறகு பேரன் பக்கம் திரும்பி, "இன்ஸ்பெக்டர் வேணான்னு சொல்லட்டும் சாமி. சொல்லிட்டா நானே ஓட்டல்ல கொண்டாந்து வுடறேன். பாஸாயிடுச்சின்னா அப்பால நீ இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது" என்றார். பேரன் சிரித்தபடி ஒப்புக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்ற சிரிப்பு அது.

மறுநாளே அண்ணி சித்தூரிலிருந்து திருப்பதிக்கு, புகைவிட்டுக்கொண்டே, என் ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தார். சோதனைக்கு எட்டு நாள் இருந்தது. நான் பெரிய மெக்கானிக் அல்லவா! "இது இன்னா பெரிய வேல, ஒரு மணி நேரத்துல புகையே தெரியாது" என்றேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி. பெட்ரோல் அதிகம் போகிறது, காற்று பத்தவில்லை, அவ்வளவுதான் விஷயம். கார்பரேட்டரில் அதற்கென்று ஒரு சின்னத் திருகு உண்டு. நான் பைக் ரிப்பேரில் ஆரம்பித்தவன். பைக்கில் அந்தத் திருகைத் திறந்தால் காற்று கூடும், பெட்ரோல் குறையும். இந்தக் காரிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். திறந்தேன். புகை கூடியது. இன்னும் திறந்தேன். ஷெட்டே இருண்டது. பக்கத்து டயர் கடைக்காரர் இருமிக்கொண்டே வந்து தெலுங்கில் திட்டிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் இப்படியே போனது. மிதவையைக் கழற்றி மாட்டினேன், பெட்ரோல் பம்பைப் பார்த்தேன். ஒன்றும் பலிக்காமல், கடைசியில் எல்லா மெக்கானிக்கும் சொல்கிற அந்த வசனத்துக்கு வந்தேன். "அண்ணி, இன்ஜினே போச்சு. சிலிண்டர் போர் தேஞ்சிட்டுது. இதுக்கு மேல இதுல ஒண்ணுமில்ல."

அண்ணி ஒரு டயர்மேல் உட்கார்ந்து இரண்டு நாளும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர். "தம்பி, நீ தொறக்கத் தொறக்கப் புகை ஏறுது. ஒரு தபா மூடித்தான் பாரேன்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "முப்பது வருஷமா இதே வேலை செஞ்சிக்கினு கீறேன். எனக்கே சொல்லித்தர வந்துட்டீங்களா?" என்று கத்திவிட்டேன். அண்ணனின் மனைவியை, என் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவரை, நாலு பேர் முன்னால் அப்படிப் பேசிவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அண்ணி கோபித்துக்கொள்ளவில்லை. கார்பரேட்டர்மேல் இருந்த சந்தனக் கட்டியைக் காட்டினார். அப்புறம் நிதானமாகக் கேட்டார்: "இது எந்த கார்பரேட்டர்னு உனக்குத் தெரியுமா?"

"வண்டியோடது, வேற எது?"

"இல்ல" என்றார். "உங்கண்ணன் மெட்ராஸ்ல பழைய சாமான் கடையில வாங்கினு வந்தாரு. துண்டுல சுத்தி, பஸ்ல மடியில வெச்சிக்கினு வந்தாரு. ஃபாக்டரியில ஜீப்பு நாலு நின்னுது. வேற கார்பரேட்டர் போட்டது தெரிஞ்சா, ஜீப்புல இருந்து கழட்டினேன்னு சொல்லிடுவாங்கன்னு பயந்தாரு. கடையில சீட்டு குடுக்கல. வாங்கினேன்னு சொன்னா நம்ம ஜனத்தை எவன் நம்புவான்? அதான் நம்பர் தெரியாம பெயிண்ட் அடிச்சாரு, சந்தனம் பூசினாரு. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சி சத்தியம் வாங்கினாரு."

வருஷா வருஷம் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டது பக்திக்கு இல்லை, ஒரு மனிதனின் பயத்துக்கு. பெத்தய்யாவின் ஜீப்பில் ஒரு ஆணியைக்கூட அவர் தொட்டதில்லை. ஆனாலும் தொட்டவனைப் போல ஒளித்துவைத்தார். பெத்தய்யா செத்தார், ஃபாக்டரி கை மாறியது, ஜீப்புகள் காயலான் கடைக்குப் போயின. அண்ணன் மட்டும் பெயிண்ட் அடிப்பதை நிறுத்தவே இல்லை. எத்தனை கொடுமை இது! சொந்த உழைப்பில் வாங்கின பொருளைத் திருட்டுப் பொருள் மாதிரி மறைத்துவைத்து வாழ்வது.

"சத்தியம் வாங்கினவரும் போயிட்டாரு, கேக்க வேண்டியவரும் போயிட்டாரு" என்று சொல்லிக்கொண்டே அண்ணி எழுந்தார். அந்த எட்டு நாளும் எங்கள் வீட்டில் தங்குவதற்காகக் கொண்டுவந்திருந்த பையில் கைவிட்டு, தன் பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்தார். ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றித் தரச் சொன்னார். குங்குமத்தின்மேல் பிரஷ்ஷை வைக்கப் போனவரை, "அண்ணி, ஆயுத பூஜைப் பொட்டு..." என்று நான்தான் தடுத்தேன். "சாமி கோச்சிக்காது. கோச்சிக்கினா என்னாண்ட வரட்டும்" என்று தேய்க்க ஆரம்பித்தார். குங்குமம் கரைந்தது. சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. வெள்ளிப் பெயிண்ட் லேசில் போகவில்லை, ஒரு அடுக்கு உரிந்தால் அடுத்தது இருந்தது. நான் பிளேடு எடுத்துக்கொடுத்தேன். வியர்த்து ஊற்ற இரண்டு பேரும் மாறி மாறிச் சுரண்டினோம். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டி, முதலில் ஒரு எழுத்து தெரிந்தது, அப்புறம் எண்கள். உலோகத்தில் ஆழமாகப் பொறித்த நம்பர். அண்ணி அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

அதைப் படம் பிடித்துச் சென்னையில் பழைய பார்ட்ஸ் விற்கிற பாய் ஒருவருக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் கூப்பிட்டார். "இது அந்த வண்டிக்கு வந்தது இல்ல தலைவா. வெளி மார்க்கெட்ல வித்த மாத்து அயிட்டம். எதுல வேணா போடுவாங்க. அந்தத் திருகு எந்தப் பக்கம் கீது பாரு, ஃபில்டர் பக்கமா, இன்ஜின் பக்கமா?"

பெயிண்ட் போன பிறகுதான் ஒழுங்காகத் தெரிந்தது. "கீழ, இன்ஜின் பக்கம் பாய்."

"அப்ப அது காத்துத் திருகு இல்லப்பா, பெட்ரோல் திருகு. தொறந்தா பெட்ரோல்தான் கூடும். நீ இவ்ளோ நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

போனை அண்ணி கேட்கும்படி வைத்திருந்தது என் தலையெழுத்து. அண்ணி என்னைப் பார்த்தார். "முப்பது வருஷம்" என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் நடந்தது சுலபம். இன்ஜினை நன்றாகச் சூடேற்றி நிறுத்தினேன். திருகை மெல்ல அடிவரை மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து, மறுபடி ஸ்டார்ட் செய்தேன். இனிமேல் காதுதான் வேலை செய்ய வேண்டும். அந்த வண்டியின் சத்தம் என்னைவிட அண்ணிக்குத்தான் பழக்கம். ஸ்க்ரூ டிரைவரை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். ஒரு கையை மட்கார்டின்மேல் வைத்துக்கொண்டு, மறு கையால் கால் சுற்று மூடினார். இன்ஜின் சத்தம் தெளிந்தது. இன்னும் கொஞ்சம் மூடினார், இன்ஜின் விக்கியது. சரி என்று திரும்பத் திறந்தார், கொஞ்சம் அதிகமாகவே திறந்துவிட்டார், குரல் கம்மிப் புகை எட்டிப் பார்த்தது. அந்த இரண்டுக்கும் நடுவில், மயிரிழை மயிரிழையாக நகர்த்தி ஓர் இடத்தில் விட்டார். வண்டி நடுங்காமல், ஒரே சீராக, மெதுவாக ஓடியது. சைலன்ஸருக்குப் பின்னால் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்தேன். கரி ஒட்டவில்லை. டயர் கடைக்காரர் மறுபடியும் வந்தார், இந்தத் தடவை திட்டவில்லை.

சித்தூரில் சோதனை மைதானத்தில் அண்ணியே ஓட்டிக் காட்டினார். பிரேக் இன்ஸ்பெக்டர் கண்டிப்பான ஆள். பிரேக், லைட், ஹாரன் எல்லாம் பார்த்தார். புகைக் குழாயில் மெஷினைச் சொருகினார். தேறிவிட்டது. அப்புறம் பானட்டைத் திறக்கச் சொன்னார். இன்ஜின் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப்பார்க்கத்தான் திறக்கச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அண்ணிக்கு அது தெரியாது. கேட்காமலேயே சொல்லிவிட்டார்: "சார், கார்பரேட்டரு வேறே சார். மா ஆயன மார்ச்சாரு." என் வீட்டுக்காரர்தான் மாற்றினார் என்று, ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தானிகேமி அம்மா? ஸ்மோக் பாஸ் அயிந்தி கதா" என்றார். அதனாலென்ன, புகைதான் பாஸாகிவிட்டதே! கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அண்ணி காருக்குள் போய் உட்கார்ந்து ஓவென்று அழுதார். "அதனால இன்னான்ட்டான் தம்பி. இவ்ளோதான் கீது. இத்தினி வருஷம் இதுக்கா பயந்துக்கினு இருந்தாரு அந்த மனுஷன்?" நானும் அழுதேன். எங்கள் ஆர்.சி.யில் கார்பரேட்டர் நம்பர் என்று ஒரு வரி கிடையாது. எந்தச் சட்டமும் கேட்காத ஒரு நம்பரை, ஏழைக்கு மட்டுமே தெரிந்த ஒரு சட்டத்துக்குப் பயந்து, என் அண்ணன் ஆயுள் முழுக்கப் பெயிண்ட் அடித்து மூடினார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணி சாவியைத் திருப்பினார். வீட்டுக்குப் போவோம் என்று நினைத்தேன். வண்டி திருப்பதி ரோட்டில் ஏறியது. நேராகப் பேரனின் ஓட்டல். வாசற்படிக்கு முன்னால், பெரிய மனிதர்களின் கார் வந்து நிற்கும் இடத்திலேயே நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. காவலாளி ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டான். அவன் திறக்கும்வரை அண்ணி காத்திருந்தார் என்பதை நான் பார்த்தேன். பேரன் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். கார் வந்து சேர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பார், முகமெல்லாம் சிரிப்பு.

அண்ணி பானட்டைத் தூக்கினார். "இங்க வா சாமி, பாரு. இந்த வண்டி உங்க தாத்தாவுதுதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவரு குடுத்தது கோழிக்கூண்டு. ஓட வெச்சது எங்க வூட்டுக்காரு. இதோ கீது பாரு நம்பர், காசு குடுத்து வாங்கினது. உங்க ஜீப்புல இருந்து திருடினது இல்ல."

பேரன் திகைத்துப்போனார். "அக்கா! திருட்டுன்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. சொல்லிடுவீங்கன்னு பயந்தே செத்தாரு."

"காபி தாகி வெள்ளண்டி அக்கா" என்றார் பேரன், காபி குடித்துவிட்டுப் போங்கள் என்று. "வண்டி ஓடிக்கினு கீது. இன்னொரு நாளிக்கு" என்று பானட்டை மூடினார் அண்ணி. காவலாளிதான் மறுபடியும் கதவைச் சாத்தினான். பேரன் வாக்குத் தவறவில்லை, அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

அண்ணி போய் இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. கடைசி மாதம்வரை அவர்தான் ஓட்டினார். இப்போது அந்தக் காரை ஓட்டுவது அண்ணன் மகள். கொடுத்துவிடலாம் என்று சொன்ன அதே பெண், ஞாயிற்றுக்கிழமைகளில் நர்ஸ் சிநேகிதிகளை ஏற்றிக்கொண்டு சந்திரகிரிப் பக்கம் ஓட்டுகிறாள். அந்த ஓட்டல் வாசலில் வேறு ஏதோ பழைய கார் நிற்கிறது. இன்ஜின் இல்லை, அந்த இடத்தில் பூச்செடி வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டும்போதெல்லாம் இவள் வேண்டுமென்றே ஹாரன் அடிக்கிறாள். "வேணாம்மா" என்று வாயால் சொல்லுவேன், மனசுக்குள் இன்னொரு தடவை அடி என்பேன்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு வண்டியை என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தாள். நான் பச்சை பிரஷ்ஷை எடுத்து, கார்பரேட்டரில் படிந்த தூசியை எழுத்து எழுத்தாகத் துடைத்தேன். வெள்ளிப் பெயிண்ட் டப்பா இப்போது ஷெட்டிலேயே கிடையாது. பழக்க தோஷம், சந்தனத்தைக் குழைத்து விரலில் எடுத்து, அண்ணன் வைத்த அதே இடத்துக்குக் கையைக் கொண்டுபோனேன். அண்ணன் மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தப்பா, நம்பர் மேல வெக்காதே."

பொட்டைப் பக்கத்தில் வைத்தேன்.